சம்பந்தியைக் கண்டால் இறங்க வேண்டும்

ஆனைமலைச் சாலையில் ஒரு தென்னந்தோப்பு வாசலில் நான் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற காலை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஈரம் காயாத இறுக்கமான அரைக்கால் சட்டை, இடுப்பில் போட்டி எண், எதிரே வெள்ளை வேட்டியில் என் சம்பந்தி.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் டிரையத்லான் பக்கம் போனேன். நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஓட வேண்டிய போட்டி. கிணற்று நீச்சல்காரன் என்ற மிதப்பில் நீச்சல்குளத்தில் இறங்கினால், எருமை மாதிரித் தலையைத் தூக்கிக்கொண்டே போகிறேன் என்று பயிற்சியாளர் சிரித்தார். தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சு விடப் பழகவே நான்கு மாதம் ஆயிற்று. முழங்கால் படுத்திய பாடு தனி. இந்த வயதில் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வேலை முடிந்தது, இனி உட்கார வேண்டியதுதான் என்று எல்லோரும் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு முறையாவது நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்பது வெறியாகவே இருந்தது.

அந்த முதல் போட்டியில், ஒன்பது மணிக்குள் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் ஓட விடுவார்கள். சரியான நேரத்தில்தான் வந்துகொண்டிருந்தேன். சம்பந்தியைப் பார்த்ததும் கால் தானாக இறங்கிவிட்டது. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுப் பெரியவர் நிற்கும்போது சைக்கிளில் உட்கார்ந்தபடி கடந்துபோவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. அவரும் மரியாதையில் சளைத்தவரல்ல. வீட்டில் ஒவ்வொருவரையாக விசாரித்தார், மழையை விசாரித்தார், இளநீர் வெட்டச் சொல்லப் போனார். நான் தயங்கித் தயங்கிக் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் முகம் மாறிப்போனது.

"மெதுவா வந்தீங்களா, போட்டிய முடிச்சுப்போட்டு ஊட்டுக்கு வாரீங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க."

இரண்டு நிமிடம் பிந்தினேன். ஓட விடவில்லை. ஓரமாக உட்கார்ந்து அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. சம்பந்தியிடம் சொல்லாதே என்று மகளிடம் கேட்டுக்கொண்டேன். அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அடுத்த ஆண்டு நேரத்துக்குள் ஓடி முடித்துவிட்டேன். அது எப்படி என்றும் சொல்ல வேண்டும். அதே சாலை. இந்த முறை இறங்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன், ஆனாலும் தோப்பு நெருங்க நெருங்கக் கால் தயங்கியது. சம்பந்தி நின்றிருந்தார். சாலைக்கு முதுகைக் காட்டி, தோப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். சைக்கிள் சத்தம் பக்கத்தில் கேட்டும் திரும்பவில்லை.

"நான் உங்களப் பாக்கலீங்க சம்பந்தி," என்றார். "நீங்க போங்க."