மரவட்டைக்கு ஒரு குரல்

நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், ஓகலாலாவைத் தாண்டிப் போகிற லாரிக்காரர்கள் யாருடைய சிபி ரேடியோ மக்கர் செய்தாலும் "தையல்காரிகிட்டப் போ" என்பார்கள். தையல்காரி என்பது அவளுடைய ரேடியோப் பெயர். லாரிக்கு லாரி பேசிக்கொள்ளும் அந்தச் சாலையில் எல்லோருக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. சொந்தப் பெயரை யாரும் காற்றில் விடுவதில்லை. அவளுடைய சொந்தப் பெயர் அர்லீன் கோவாரிக். டயர் கடைக்கும் பெர்னிஸின் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகைதான் அவளுடைய பட்டறை.

கோதுமை விவசாயியின் மகள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ராணுவத் தளவாடக் கிடங்கில் ரேடியோக்களுக்குப் பற்றவைப்பு வேலை பார்த்தாள். கிடங்கை மூடினார்கள். கணவன் வேலை தேடி டென்வருக்குப் போனான். வேலை கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டான். விவாகரத்துக் காகிதம்தான் தபாலில் வந்தது. கொஞ்ச நாள் அழுதாள். பிறகு கொட்டகையை வாடகைக்கு எடுத்தாள்.

அவள் வேலை செய்யும் விதமே தனி. வந்தவரைப் பேசவிட்டுத்தான் திருகுவாள்.

"என்னத்தப் பேச, அம்மணி?"

"காலையில என்ன சாப்பிட்டீங்க? அதச் சொல்லுங்க."

அவர் முட்டையும் உருளைக்கிழங்கும் என்று சொல்லிக்கொண்டிருக்க, அவள் இன்னொரு ரேடியோவில் அந்தக் குரலைக் கேட்டபடி, பிளாஸ்டிக் திருப்புளியால் பெட்டிக்குள் இருக்கும் குட்டிக் குட்டிச் சுருள்களைத் தொட்டுத் திருப்புவாள். கட்டைக் குரலுக்கு ஒரு மாதிரி, மூக்கால் பேசுகிறவனுக்கு வேறு மாதிரி. ஆளுக்குத் தகுந்தபடி வெட்டித் தைப்பதால்தான் அந்தப் பெயரும் வந்தது.

இளவட்டங்களுக்கு எப்போதும் ஒரே ஆசை. "ரெண்டு மாகாணம் தள்ளிக் கேக்கணும்!"

"கேக்கும் தம்பி. உறுமல் கேக்கும், வார்த்தை கேக்காது. எது வேணும்?"

இத்தனை பேருக்குக் குரல் தைத்தவள் தானாகக் காற்றில் பேசியது குறைவு. "கேக்குதா?" என்பாள். "கேக்குது" என்று பதில் வந்தால் மைக்கை வைத்துவிடுவாள். கேட்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. எழுபத்தொன்பதாம் வருஷம் கேட்பதற்கென்றே வந்தது போலிருந்தது. சூரியன் என்னவோ கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் மேல்வானம் கண்ணாடியாகி, பத்து மைலுக்குள் அடங்க வேண்டிய பேச்சு மேலே எகிறிப் பட்டுத் திரும்பி, ஆயிரம் மைலுக்கு அப்பால் போய் விழுந்தது. "வானம் தெறந்திருக்கு" என்பார்கள் லாரிக்காரர்கள். மத்தியானங்களில் பெர்னிஸ் கொடுத்தனுப்பும் காரமான பீன்ஸ் குழம்பையும் லவங்கப்பட்டை ரொட்டியையும் வைத்துக்கொண்டு அர்லீன் அந்தக் குரல்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். ஜமைக்காவிலிருந்து ஒருவன் மழை பெய்கிறது என்பான். வெளியே நெப்ராஸ்கா வெயில் பொட்டல் முழுக்கப் பரவிக் கிடக்கும். அவளுக்கு மழை வாசனை வரும்.

அந்த அக்டோபரில் ஒரு காலை, வாசலில் நீளமான மனிதர் ஒருவர் நின்று உதட்டை அசைத்தார். டயர் கடை இயந்திரத்தின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக் கதவைச் சாத்தினாள். அப்போதும் மூச்சுக்காற்றுதான் வந்தது. கிட்டே போய்க் காதைக் கொடுத்தாள்.

"தொண்டையில கட்டி. வெட்டி எடுத்துட்டாங்க. கூடவே குரலும் போயிடுச்சு." மூச்சு வாங்கினார். "ரேடியோவுல பேசுனா பாம்பு சீறுதுன்றானுங்க. 'டயரு காத்து எறங்குது, எவன்டா அது, அமுக்குடா'ன்றானுங்க."

"உங்க ரேடியோப் பேரு?"

"மரவட்டை."

அர்லீன் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தாள்.

மரவட்டையை அவளுக்கு ஆறேழு வருஷமாகத் தெரியும், காதால் மட்டும். ஐடஹோவிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி வருகிறவர். வெல்லப்பாகு போல் கனமான குரல். பனி எங்கே, காவல்துறை வண்டி எங்கே என்று சொல்லிவிட்டு, தன் மச்சினனுடைய பன்றியைப் பற்றி ஒரு பெரும் புளுகை எடுத்து விடுவார். மற்ற லாரிக்காரர்கள் கதை அறுந்துவிடக் கூடாதென்று வேகத்தைக் குறைத்து அவர் கூடவே ஓட்டுவார்கள். பற்றவைக்கும் கோல் சூடேறிக் காத்திருக்க, வேலையை மறந்து அவளும் கேட்டிருக்கிறாள். கதை முடியும் முன்னே ஒவ்வொரு முறையும் அவர் ரேடியோ எட்டும் தூரத்தைத் தாண்டிப் போய், இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

அதை அவள் சொல்லவில்லை. "உக்காருங்க, பாப்போம்" என்றாள்.

முதலில் ஆன்டெனா. லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தில் அது பொருந்தும் இடம் துருவேறியிருந்தது. சுரண்டி, புதுக் கம்பி இழுத்து, மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஆன்டெனாவின் நீளத்தைச் சரிசெய்தாள். பிறகு மைக்குக்கு முன்னால் குரலைப் பெருக்கும் சிறு மின்சுற்றுப் பெட்டி ஒன்றைக் கட்டினாள். கொட்டகையில் கச்சிதமாகக் கேட்டது. லாரியில் ஏறி எஞ்சினைக் கிளப்பியதும் எல்லாம் பாழ். மூச்சைப் பெருக்கிய அதே பெட்டி டீசல் இரைச்சலையும் பெருக்கியது.

தன் கடையின் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த பெர்னிஸ் கத்தினாள்: "ஏண்டி, மாவு மில்லுல யாரோ கொறட்ட விடுறாப்புல இருக்கு!"

மரவட்டை மைக்கை மெதுவாகக் கொக்கியில் மாட்டினார். "போகட்டும் அம்மணி. நீங்க செஞ்சதே பெருசு."

"எறங்கச் சொன்னேனா? இருங்க."

பரணில் கிடங்குக் காலத்துப் பெட்டி ஒன்று கிடந்தது. அதில் விமானிகள் உதட்டோடு ஒட்டிவைத்துப் பேசும் மைக் இருந்தது. முன்னாலும் பின்னாலும் துளை. சுற்றுப்புற இரைச்சல் இரண்டு பக்கமும் நுழைந்து ஒன்றையொன்று அமுக்கிவிடும், உதட்டருகே வரும் பேச்சு மட்டும் தப்பிக்கும். அதை மாட்டினாள். ஆனால் ஓடுகிற வண்டியில்தான் சரிபார்க்க முடியும்.

"ஓட்டுங்க. நானும் வர்றேன். அடுத்த திருப்பத்துல எறங்கிக்கறேன்."

மடியில் திறந்த ரேடியோவுடன் அவள் உயரத்தில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் அந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தவள், லாரியின் உயரத்திலிருந்து அதைப் பார்த்ததில்லை. அறுத்த சூரியகாந்தித் தண்டுகள் கறுத்து நின்றன. விதைத்த கோதுமை பச்சைப் புகையாகக் கிளம்பியிருந்தது. நிலம் அசையாமல் நிற்க, வானம்தான் நகர்வது போலிருந்தது. அவர் முணுமுணுக்க, அவள் திருக, பெர்னிஸின் குரல் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. "இப்ப பேப்பர் கிழியுது." "இப்ப கொஞ்சம் மனுசன் மாதிரி." பிறகு, இரைச்சலுக்கு நடுவே மங்கலாக, "அடியே, ஐடஹோவுல பனின்னு சொல்றாரு! வார்த்த புரியுதுடி!"

அடுத்த திருப்பம் வந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

வயோமிங் எல்லையைத் தாண்டி, பைன் மரங்கள் நிற்கும் ஒரு மேட்டில் அவர் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். மத்தியான வெயில். வானம் திறந்திருந்தது, ரேடியோவில் ஊர் ஊராகக் குரல்கள் மிதந்து போயின. அவர் சும்மா, யாரையும் கூப்பிடாமல், "மரவட்டை பேசறேன்" என்றார்.

ஒரு பெண் குரல் பதில் சொன்னது. "மரவட்டையா? கரோலினாக் கடற்கரையிலேந்து பேசறேன். எறா உரிச்சிட்டிருந்தேன். யாருங்க நீங்க? பக்கத்து நாற்காலியில உக்காந்து ரகசியம் சொல்றாப்புல இருக்கு. இன்னும் பேசுங்களேன்."

மரவட்டை அர்லீனைத் திரும்பிப் பார்த்தார். கண்கள் நிறைந்துவிட்டன. அர்லீன் மைக்கை வாங்கினாள். "ஒரு நிமிஷம் இருங்க, தண்ணி குடிக்கிறாரு," என்றாள் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம். "இவரு நல்லா கதை சொல்லுவாரு. ஐடஹோக்காரரு. நான் இவரு குரல வருஷக்கணக்கா கேட்டிருக்கேன்." காற்றில் அத்தனை நீளமாக அவள் பேசியது அதுவே முதல் தடவை. அவர் தன்னையே பார்ப்பது தெரிந்து முகம் சிவந்தது.

"அந்தப் பன்னிக் கதையச் சொல்லுங்க. எனக்கு முடிவே கேட்டதில்ல."

அவர் சொன்னார். மச்சினனுடைய பன்றி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குள் நுழைந்தது. கரோலினாக்காரியின் சிரிப்பு ஆயிரம் மைல் தாண்டி வந்து விழுந்தது. பன்றி பாட்டுக்குழுவின் வரிசையில் ஏறி நின்றபோது அவள் குரல் நீருக்குள் போவது போல் மங்கி, ஒரு சீழ்க்கையாகி, மறைந்தது. வானம் மூடிக்கொண்டது.

மரவட்டை மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இருக்கேன்ல, சொல்லுங்க" என்றாள் அர்லீன்.

அவர் மைக்கை மாட்டிவிட்டு, அவள் பக்கம் சாய்ந்து மீதியைச் சொன்னார். பன்றி சுதி சேர்ந்து பாடியது, பாதிரியார் அதற்கு ஞானஸ்நானமே கொடுத்துவிட்டார், மச்சினன் அன்றிலிருந்து பன்றிக்கறி தொடுவதில்லை. எவ்வளவு பெரிய புளுகு! அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

எதிர்ப்பக்கம் போகிற லாரியொன்றில் அவளை ஏற்றிவிட்டு அவர் மேற்கே போனார். "என்னடி, அடுத்த திருப்பம் வயோமிங்லயா இருக்கு?" என்று பெர்னிஸ் குளிர்காலம் முழுக்கக் கிண்டல் செய்தாள். மரவட்டையின் குரல் சாலையில் மறுபடி கேட்க ஆரம்பித்தது. ரகசியம் பேசுவது போன்ற அந்தக் கதைகளைக் கேட்க மற்றவர்கள் தாங்களாகவே வாயை மூடிக்கொண்டார்கள். கிழக்கே வரும்போதும் மேற்கே போகும்போதும் அவர் வண்டி கொட்டகை வாசலில் நின்றது. ரேடியோவில் ஒரு கோளாறும் இருக்காது. திருக எதுவும் இல்லாவிட்டாலும் அவள் திருப்புளியைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

அடுத்த வருஷம் கோதுமை அறுப்பு முடிந்ததும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் தூரத்துச் சரக்கை விட்டுவிட்டு, சுற்றுவட்டாரத்தில் தானியம் ஏற்றத் தொடங்கினார்; அவருடைய உண்மைப் பெயர் டெல்மர் ஹாகன் என்பது ஊருக்குத் தெரிந்ததே கல்யாணத்தன்றுதான். வீட்டுக்குள் ரேடியோ வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். சாயங்காலங்களில் அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஏதாவது சொல்லத் தொடங்குவார். அடுப்படியில் நிற்பவளுக்கு ஒன்றும் கேட்காது. அவள் அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்தபடி, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்காருவாள்.