வளையச் சுவரில் சிக்கிய வேட்டி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் புருஷன் செத்த துக்கத்தில் உளறுகிறாள் என்று சிரித்துவிட்டுப் போங்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். பீளமேட்டில் நானும் என் கணவர் கதிரும் ஒரே ஆபீஸில் அஸ்திவாரம் வடிவமைக்கிற எஞ்சினியர்கள், எங்களுக்கு எதற்கும் கணக்கு இருக்க வேண்டும்.

கோபி பக்கம் ஒரு எண்ணெய்க் கம்பெனிக்குப் பெரிய இரும்பு டேங்க். அதன் விளிம்பைத் தாங்கும் காங்கிரீட் வளையச் சுவரைக் கதிர்தான் வடிவமைத்தார். பூகம்பம் வந்தால் நிறைந்த டேங்க் ஒரு பக்கமாகத் தூக்கும், வளையத்தோடு போல்ட் போட்டு இறுக்கியே ஆக வேண்டும் என்றார். "நம்மூர்ல ஏதுங்க பூகம்பம்?" என்று எண்ணெய்க் கம்பெனி முதலாளி சிரித்தார். மழை ஈரத்தில் பள்ளத்துக்குப் பலகை முட்டுக் கொடுக்கச் சொன்னபோதும் அதே சிரிப்புதான். அளவு பார்க்க இறங்கிய கதிர் மேல் மண் சரிந்துவிட்டது. சாவு வீட்டுக்கு வந்து, "அவராத்தானுங்க எறங்குனாரு" என்றார் அந்தப் பாவி. பிறகு போல்ட் இல்லாமலே டேங்க்கை நிறுத்திவிட்டார்.

தண்ணீர் நிரப்பிச் சோதிக்கிற நாளில் மேற்பார்வை வேலையை ஆபீஸில் நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அந்த ஆளை முகத்துக்கு நேராக நாலு கேள்வி கேட்க வேண்டும், போல்ட்டைப் போட வைக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான். பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்தாயிற்று, நல்ல காலை வெயில். டேங்க்குக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த வளையச் சுவரில் உட்கார்ந்து முதலாளி பொங்கல் சாப்பிட்டார். நான் வாயெடுப்பதற்குள் எழப் பார்த்தார், முடியவில்லை. வேட்டியின் கரை டேங்க்கின் அடித்தகட்டுக்குக் கீழே போயிருந்தது. அவ்வளவு தண்ணீரைச் சுமக்கிற டேங்க் ஒரு பக்கம் தூக்கி இறங்காமல் துணி உள்ளே போக வழியே இல்லை. ஆனால் தரை ஆடவில்லை, பக்கத்துக் குடத்துத் தண்ணீர்கூட அலுங்கவில்லை. கடைசியில் கத்தியால் அறுத்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார். எனக்கு மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

உடனே துளை போட்டு போல்ட் இறுக்கிவிட்டார்கள். அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் முதலாளியே போன் செய்தார். அவர் படுத்தால் கட்டில் ஒரு பக்கமாகத் தூக்குகிறதாம், அவர் சம்சாரம் படுத்தால் ஒன்றும் இல்லையாம். "ஏனுங்க அம்மணி, போல்ட்டெல்லாம் போட்டுப்போட்டேனுங்க. இன்னும் என்ன வேணும்னு அவருகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்று அழுதார்.

நான் கேட்கவில்லை. கதிருக்கு இளகின மனசு, கேட்டால் பாவம் என்று விட்டுவிடுவார்.