தாட்சாயணியின் ஐப்பசி கிரனோலா

புத்தூரில் ரயில் ஏறியதும் தாட்சாயணி உட்கார இடம் தேட மாட்டாள். தோள் பையை மேல் தட்டில் வைப்பாள். வைத்த கையோடு இறக்குவாள். டப்பாவின் மூடியைத் திறந்து, ஸ்பூனால் ஒரு அள்ளு அள்ளி, எதிரே யார் இருக்கிறார்களோ அவர்களுடைய உள்ளங்கையில் கொட்டுவாள்.

"துன்னு பாரு. இந்த வாட்டி பேரிக்கா போட்டுக்கிறேன். ஓரத்துல கொஞ்சம் கருகிச்சி, ஆனா அதான் நல்லா கீது."

நன்றாயிருக்கிறதா என்று கேட்டு நிற்க அவளுக்குப் பொறுமை கிடையாது. அதற்குள் அடுத்த சீட்டுக்குப் போயிருப்பாள். திரும்பி வரும்போது முகங்களைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். தடுக்கு ஸ்டேஷன் தாண்டி ரயில் அடுத்த ஸ்டேஷனான பூடிக்கு வருவதற்குள் பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு முறை நடந்து முடித்திருப்பாள். போன ஐப்பசியில் அந்த விஷயம் நடக்கும்வரை திருப்பதி பாசஞ்சரில் அவளுடைய காலைகள் இப்படித்தான் போயின.

நாற்பத்தேழு வயது. ஒல்லி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் வீட்டார் சொல்வது பாராட்டா புகாரா என்பது அவரவர் குரலைப் பொறுத்தது. திருப்பதியில் நான்கு மாடி ஹோட்டல் ஒன்றில் அறைகளின் சுத்தத்தை மேற்பார்க்கும் வேலை. லிஃப்ட் இருக்கிறது; ஏற மாட்டாள். "அது வர்றதுக்குள்ள நான் ஏறி எறங்கிடுவேன்" என்பாள். எந்த மாடியில் இருக்கிறாள் என்று தெரியவேண்டுமானால் பாதி குடித்து வைத்த டீ கப்பைத் தேடினால் போதும். விரிப்பின் ஓரத்தை இழுத்து மெத்தைக்கடியில் செருகுவது அவள் கைக்கு ஊறிப்போன வழக்கம். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, பேச்சுக்கு நடுவே கட்டில் விரிப்பைச் சரிசெய்துவிட்டு வந்திருக்கிறாள்.

கிரனோலாவை அவளுக்கு அறிமுகம் செய்தது அந்த ஹோட்டல்தான். காலைச் சாப்பாட்டு மேசையில் கார்ன்ஃப்ளேக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் இருக்கும். வறுத்த ஓட்ஸ், கொட்டைகள், காய்ந்த பழம். வெளியூர்க்காரர்கள் பாலிலோ தயிரிலோ போட்டுச் சாப்பிடுவார்கள். ஒருநாள் அறையைக் காலிசெய்துவிட்டுப் போன ஒரு பெங்களூர்க் குடும்பம் பிரிக்காத பாக்கெட் ஒன்றை விட்டுப் போயிருந்தது. தாட்சாயணி அதன் பின்பக்கத்தைப் படித்தாள். ஓட்ஸ், அதற்கடுத்து சர்க்கரை, அதற்கடுத்து பாமாயில்.

"இதுக்குப் போயி ஹெல்த்துன்னு பேரு வெச்சிக்கிறாங்களே!"

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் ஆரம்பித்துவிட்டாள். ஓட்ஸோடு சாமை அவல், வேர்க்கடலை, பூசணி விதை, எள், சீவிய கொப்பரை. எல்லாவற்றையும் பிசற, தேங்காயெண்ணெயில் இளக்கிய வெல்லமும் தேனும். பிறகு சின்ன மின்சார அடுப்பில் தட்டுத் தட்டாக வாட்டி எடுத்தாள். கணவன் கோவர்த்தனன் காலேஜ் பஸ் ஓட்டுகிறவர். முதல் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஓட்ஸா? இது குதிரைக்குப் போடறதாச்சே" என்றார். இரண்டாம் தட்டு ஆறுவதற்குள் முதல் தட்டில் பாதி அவர் சட்டைப் பைக்குள் போயிருந்தது. பாலெல்லாம் வேண்டாம், பொரி மாதிரி அப்படியே மெல்லுவார்.

ஐப்பசி வந்ததும் அவளைக் கையில் பிடிக்க முடியாது. திருப்பதித் தள்ளுவண்டிகளில் சிம்லா ஆப்பிளும் பேரிக்காயும் குவியும். நகரிப் பக்கத்து மலைகளிலிருந்து சீத்தாப்பழம் கூடை கூடையாக இறங்கும். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தாக வேண்டும். சீத்தாப்பழம் சூடு பட்டதும் கசந்து ஒரு தட்டு முழுவதும் வீணானது. கொய்யா தோல்வார் மாதிரி ஆனது. ஆப்பிளை மட்டும் மெல்லிசாகச் சீவி, லவங்கப்பட்டைத் தூள் தூவி வாட்டியபோது, தச்சுப்பட்டறைச் சீவல் போலச் சுருண்டு, தெருமுனைவரை மணத்தது. ஒரே குறை, அவளுடைய கிரனோலா உதிரி உதிரியாகத்தான் வரும். "கட்டி கட்டியா வரணும்னா ஆறற வரைக்கும் தொடக்கூடாதாம். யாரால முடியும்?"

ரயிலில் ருசி பார்த்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். சாமான் வாங்கிக் கொடுத்தால் செய்து தருவாள். பதினான்கு வீடுகளுக்கு அவள் டப்பா போயிற்று. கொடுக்கும்போதெல்லாம் ஒரு வாக்கியம் சொல்வாள்: "சக்கரையே போடல. பயப்படாம துன்னு."

அந்த வாக்கியத்தை நம்பியவர்களில் ஜெயம்மா ஒருத்தி.

ஜெயம்மா நகரியில் ஏறுவாள். திருப்பதியில் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் காஜா எடுத்து, பித்தான் கட்டும் கைவேலை. பத்து வருஷமாக உடம்பில் சர்க்கரை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, நீல நூலையும் கறுப்பு நூலையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கிற நிலைமை. கடைக்காரர் தீபாவளிவரை பொறுத்திருந்தார். அதற்குமேல் தள்ளிப்போடாமல் கண்ணைச் சரிசெய்துகொள்ளச் சொல்லிவிட்டார். ஐப்பசிக் கடைசியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் தேதி வாங்கியிருந்தாள். அதற்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஜெயம்மா இட்லியை விட்டாள். காலையும் இரவும் ஒரு கிண்ணம் கிரனோலா, பாலில் போட்டு. மூன்று வாரம்.

தேதியன்று ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆபரேஷன் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தாட்சாயணிக்கு இது மறுநாள் ரயிலில் தெரிந்தது. ஜெயம்மா வழக்கமான ஜன்னலோரத்தில் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்தவள்தான் சொன்னாள். "இட்லியக்கூட வுட்டுட்டு நீ குடுத்ததத்தான் துன்னுக்கினு இருந்திச்சி, பாவம்."

தாட்சாயணி டப்பாவை எடுக்கவில்லை. அடுத்த பெட்டிக்குப் போனாள். அங்கே ஹரிப்ரியா இருப்பாள். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் எழுதிக் கொடுக்கிற பெண். ரயிலில் தாட்சாயணி கொடுத்த கிரனோலாவை ஒருமுறைகூட வாங்காதவள். நடந்ததைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"வெல்லம் எவ்ளோக்கா போடறீங்க?"

"கிலோவுக்குக் கால் கிலோ. தேன் தனியா ஒரு டம்ளர்."

ஹரிப்ரியா கொஞ்சம் தயங்கினாள். "ரத்தத்துல போனா வெல்லமும் சர்க்கரைதான்க்கா. தேனும் அப்படித்தான். ஆப்பிளக் காய வெச்சா தண்ணி போயிடும், இனிப்பு போவாது. ஜெயம்மாக்கா கிண்ணம் கிண்ணமா சாப்பிட்டிருக்காங்க."

"கடைல விக்கிறத விட நம்முது நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா சர்க்கரை இல்லைன்னு சொன்னீங்களே, அதுதான்."

"ஏம்மா, இத்தினி நாளு இதச் சொல்றதுக்கென்ன ஒனக்கு?"

"நீங்க எங்கக்கா நிக்கறீங்க, சொல்றதுக்கு?"

ரேணிகுண்டாவில் ரயில் நின்றது. தாட்சாயணி இறங்கினாள். பிளாட்பாரத்தின் கோடிவரை விறுவிறுவென்று நடந்தாள். ரயில் நகர்ந்தபோது ஓடிவந்து கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டாள். அன்றைக்கு ஹோட்டலில் நான்கு மாடியையும் எத்தனை முறை ஏறி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. டீ எங்கும் மிச்சமில்லை. அன்று அவள் டீயே வாங்கவில்லை.

வீட்டில் கோவர்த்தனன் சமாதானம் சொன்னார். "ஒன்ன யாரு கேட்டாங்க? தெரியாம சொன்னது. வுடு."

"நான் தெரிஞ்ச மாதிரிதானே சொன்னேன்" என்றாள்.

அடுத்த நாள் அவள் பெட்டி பெட்டியாகப் போனாள். பதினான்கு வீட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராகப் பிடித்தாள். "நான் தப்பா சொல்லிட்டேன். அதுல வெல்லம் கீது, தேன் கீது. சக்கரை ஒடம்புக்காரங்க துன்னக்கூடாது." சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர் வெல்லத்தின் இரும்புச்சத்தைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுத்தார். ஒருத்தி, "அப்ப இனிமே குடுக்க மாட்டியா?" என்று முகம் சுருங்கினாள். சர்க்கரை உடம்புக்காரர்கள் ஜெயம்மாவைத் தவிர இருவர். அவர்களிடமிருந்த டப்பாக்களை மிச்சத்தோடு திரும்ப வாங்கிக்கொண்டாள். ஜெயம்மாவிடம் கடைசியாகத்தான் வந்தாள்.

"நாந்தான்க்கா கெடுத்தேன். திட்டிடு."

ஜெயம்மா அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "ஒன்ன இன்னா திட்டறது? துன்னது நானு." பிறகு, கோபமே இல்லாத குரலில், "ஆனா இனிமே ஒங்கையால ஒண்ணும் வேணாம்மா" என்றாள்.

அதன்பிறகு ரயிலில் தாட்சாயணி டப்பாவைத் திறக்கவில்லை. கைகள் சும்மா இருக்க மறுத்தன. பையின் ஜிப்பை இழுத்தாள், விட்டாள். ஒரு காலை, ஜெயம்மா ஊசியைக் கண்ணருகே பிடித்து நாக்கைக் கடித்துக்கொண்டு நூல் கோக்கத் தடுமாறியதைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் ஊசியைப் பிடுங்கினாள். முதன்முறையாக எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். ஓடுகிற ரயிலில் ஊசி கோப்பது லேசான காரியமில்லை. ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது கோக்கலாம்; அவளால் அதுவரை காத்திருக்க முடியாது. விரலில் குத்திக் குத்தி, ரேணிகுண்டா வருவதற்குள் பன்னிரண்டு ஊசி கோத்து, நீலம் ஒரு துணியிலும் வெள்ளை ஒரு துணியிலுமாகக் குத்திக் கொடுத்தாள். ஜெயம்மா வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. மறுநாள் நூல்கண்டையும் ஊசி டப்பாவையும் எதிர் சீட்டில் எடுத்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தூர் வீட்டு அடுப்பு வேறு மாதிரி வேலை செய்தது. வெல்லம் போயிற்று, தேன் போயிற்று. அவை இல்லாமல் எதைக் கொண்டு பிசறுவது? துருவிய ஆப்பிள் ஒன்றே ஒன்று, முட்டை வெள்ளை, லவங்கப்பட்டை, ஒரு சிட்டிகை உப்பு. ஓட்ஸைப் பாதியாகக் குறைத்து, கடலையையும் பூசணி விதையையும் கூட்டினாள். முதல் தட்டு மரத்தூள். இரண்டாவது தட்டு ஈரமாக இருந்து மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்தது. கோவர்த்தனன் மென்றுவிட்டு, "இப்ப நெஜமாவே குதிரைக்குத்தான்" என்றார். ஐந்தாவது தட்டில் ஆப்பிளின் மணமும் கடலையின் மொறுமொறுப்பும் ஒன்றுசேர்ந்தன. ஹரிப்ரியாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் ஒரு துண்டு மென்றாள், இன்னொரு துண்டும் எடுத்தாள். "தயிரோட மூணு ஸ்பூன். கிண்ணம் கூடாது" என்றாள். தாட்சாயணி டப்பாமேல் தமிழில் ஒருபக்கம், தெலுங்கில் ஒருபக்கம், உள்ளே இருப்பதையெல்லாம் அளவோடு எழுதி ஒட்டினாள். யாருக்கும் கொடுக்கவில்லை.

கார்த்திகை இரண்டாம் வாரம் ஜெயம்மாவின் சர்க்கரை நூற்று நாற்பத்தாறுக்கு இறங்கியது. மாத்திரை, நடை, அளவுச் சாப்பாடு. கிரனோலாவுக்கு அதில் பங்கில்லை. ஆபரேஷன் வியாழக்கிழமை நடந்தது. ஜெயம்மாவின் மகனுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட், லீவு கிடைக்கவில்லை. துணைக்கு யார் என்று நர்ஸ் கேட்டபோது, யாரும் கூப்பிடாமலே வந்து நின்றிருந்த தாட்சாயணி, "நானு" என்றாள். ஜெயம்மா மறுக்கவில்லை.

மறுநாள் காலை கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஜெயம்மா கண்ணாடியை ஒரு நொடி தூக்கி, தாட்சாயணியை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாமே, ஒனக்கு இவ்ளோ நரச்சிக்கிதா!"

தாட்சாயணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கண்ணாடியப் போடுக்கா மொதல்ல" என்று அதட்டினாள்.

"காலைலேர்ந்து பட்டினி. பையில இன்னா வெச்சிக்கினு கீற?"

தாட்சாயணி பையை மறுபக்கம் நகர்த்தினாள். ஜெயம்மா எட்டி அதை இழுத்து, டப்பாவை வெளியே எடுத்தாள். ஒட்டியிருந்த சீட்டைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசித்தாள். சாமை அவல். வேர்க்கடலை. ஆப்பிள் ஒன்று. வெல்லம் இல்லை. தேன் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுத் தாண்டினாள். வாசித்து முடித்ததும் மூடியில் கை வைத்தாள்.

"பரவாலேது, குடு. ஒரு வாய் துன்றேன்."

தாட்சாயணி டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கினாள். எழுந்தாள். டாக்டர் அறைக்கு வெளியே ஒன்பது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். டப்பாவின் சீட்டை டாக்டரிடம் காட்ட, போய்ப் பத்தாவதாக நின்றாள். வரிசை நகரவில்லை. அவளும் நகரவில்லை.

"எங்கமே போற? பசிக்கிது, குடுத்துட்டுப் போயேன்!" என்று ஜெயம்மா பெஞ்சிலிருந்து கத்தினாள்.

தாட்சாயணி திரும்பிப் பார்க்கவில்லை. டப்பாவை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையைத் தலைக்குமேல் தூக்கி, இரு என்று காட்டினாள்.