போல்ட் இறுகிய பிறகுதான் போட்டோ

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அரவை மெஷினின் அடித்தள போல்ட்டுகளை இறுக்கியது. மொத்தம் நான்கு. ஒவ்வொன்றையும் நான் இறுக்கி முடித்ததும், ஸ்பேனரை வாங்கித் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"மேல வெல்டிங் வச்சிரு பவானி."

"வச்சா, பழுதுக்குக் கழட்ட முடியாதும்மா."

"அதுக்குத்தான்டி சொல்றேன்."

நான் கோவை நூற்பாலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளர். அது மடத்தனம் என்று சொன்னேன். பிறகு வெல்டரை அழைத்து வெல்டிங்கும் வைத்துக் கொடுத்தேன்.

அம்மா பெயர் மூக்கம்மாள். ஊர் பண்ணைப்புரம். மிளகாய்த்தூளும் சத்துமாவும் விற்றாள். அரைக்க உத்தமபாளையம் மில்லுக்குச் சுமந்து போவாள். சொந்தமாக ஒரு மெஷின் வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தரகர் வந்தார். பெண்களுக்கு மானியத்தில் மெஷின் என்று சொல்லி ஆதார் நகல் வாங்கினார். மெஷினும் வாசலில் வந்து இறங்கியது. மேலே பெயின்ட்டில் அம்மா பெயர். புதுச்சேலை கட்டி அருகில் நின்றாள். போட்டோ எடுத்தார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று மறுநாள் தூக்கிப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து, ஆண்டிபட்டிப் பக்கம் தரகரின் மச்சான் கொட்டகையில் அது ஓடுவதைப் பார்த்தாள். பெயரைச் சுரண்டியிருந்தார்கள். மானியம் மட்டும் அவள் பெயரில், அந்தப் போட்டோவைக் காட்டி வாங்கியிருந்தார்கள்.

அதன் பிறகு அவளிடம் ஒரு நகல் வாங்குவது லேசில்லை. குறுக்கே இரண்டு கோடு போடுவாள். நடுவில் எதற்கு, என்ன தேதி என்று எழுதுவாள். ஜெராக்ஸ் கடையில் மங்கலாக விழுந்த தாளையும் கேட்டு வாங்கிக் கிழிப்பாள்.

போன வருடம், என் நச்சரிப்பு தாங்காமல், கம்பத்தில் பெண்களுக்கான தொழில் பயிற்சிக்குப் போனாள். பயிற்சி கொடுத்த ஷர்மின் என்ற பெண், அது முடிந்த பிறகும் வீட்டுக்கு வந்தாள். மானிய விண்ணப்பம் எழுதினாள். மின் இணைப்புக்கு அலைந்தாள். பாக்கெட்டில் ஒட்ட லேபிள் செய்து தந்தாள். டீ மட்டும் குடிக்க மாட்டாள். அம்மாவுக்கு அதுதான் உறுத்தியது.

"டீத்தண்ணி வேணாங்குறா. அப்ப வேற எதுவோ வேணும்."

"அது அந்தப் பிள்ளையோட வேலைம்மா. சம்பளம் வாங்குது."

"முன்ன வந்தவுகளும் அப்படித்தான் சொன்னாக."

புது மெஷின் வந்தது. மானியத்துக்கு ஒன்று மட்டும் பாக்கி. மெஷின் அருகே அம்மா நிற்கும் போட்டோ. அடுத்த வியாழனுக்குள் அது கம்பம் ஆபீசுக்குப் போய்ச் சேராவிட்டால், விற்றவர் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்வார். ஷர்மின் மூன்று முறை போன் செய்தாள். போல்ட் இறுகாமல் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்றாள் அம்மா.

"வாட்ஸப்ல அனுப்பினாப் போதும்க்கா."

"கையிலதான் தருவேன். ரசீது வேணும்."

"போட்டோவுக்கு ரசீதாக்கா?" ஷர்மின் சிரித்தாள்.

"எனக்கு மெஷினே ரசீதில்லாமப் போயிருக்கு ஆத்தா."

வெல்டிங் ஆறியதும் போட்டோ எடுத்தேன். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. ஒரு கால் போல்ட் மேல் இருந்தது. பிரிண்ட் வாங்கி வந்ததும், பின்பக்கம் கோடு போட்டு எழுதினாள்: "இந்த மெஷினுக்கு மட்டும்." திங்களன்று கம்பம் போவதாகச் சொன்னாள். ஞாயிறு காலை, மிளகாய் காயப்போடும்போது சரிந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாங்கவில்லை.

துக்கம் கேட்க ஷர்மின் வந்தாள். கேட்காமலே சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். அதையும் கவனித்தேன்.

"மெஷினை உங்க பேருக்கு மாத்திக்கலாம் பவானி. போட்டோவை எங்கிட்டக் குடுங்க, நானே கொண்டு போறேன். நீங்க அலைய வேணாம்."

நல்ல மனதோடுதான் கேட்டிருப்பாள்.

"நானே வர்றேன்" என்றேன்.

நாளை வியாழன். போட்டோ இன்னும் அம்மாவின் பையில்தான் இருக்கிறது. அதோடு ஒரு தாளும். "மூக்கம்மாளிடமிருந்து போட்டோ ஒன்று பெற்றுக்கொண்டேன்" என்று அவளே எழுதி, கீழே ஷர்மின் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறாள்.