ஒளியோடு ஒளி மோதும் கணக்கு: தேக்காவிலிருந்து தஞ்சோங் பகார் வரை

செவ்வாய்க்கிழமை, காலை 7.20. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் படியேறி வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது முருங்கைக்காய். பஃபலோ சாலையில் ஒரு வேனிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் அடங்காமல் காய்கள் ஒரு சாண் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "ஓரமாப் போங்கண்ணே" என்றார் இறக்கியவர். ஓரமாகப் போனேன்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து இவ்விடம் வர ரயிலில் முக்கால் மணி நேரம் ஆனது. கட்டணம் இரண்டு வெள்ளிச் சொச்சம்; டாலரை இங்கே வெள்ளி என்கிறார்கள். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழுக்காக வந்திருந்தேன். ஒளியோடு ஒளி மோதினால் என்ன ஆகும் என்று கணக்கிடும் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும்.

அவர் பெயர் இந்திராணி. வயது முப்பத்து நான்கு. இதே ஊரின் கிழக்கே, தெம்பனிஸில் பிறந்து வளர்ந்தவர். ஊரின் மேற்கே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் துகள் இயற்பியல் ஆய்வாளர். நிலையத்தை ஒட்டிய தேக்கா உணவங்காடியில் ஒரு மேசை மேல் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை வைத்து இடம் பிடித்துவிட்டு, பரோட்டா வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பொட்டலம் இருக்கும்வரை அங்கே வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இங்கே அது பட்டாவுக்குச் சமம்.

இரண்டு பரோட்டா மூன்று வெள்ளி, தேநீர் ஒரு வெள்ளி அறுபது காசு. சாப்பிட்டுக்கொண்டே விளக்கினார்.

"ரெண்டு டார்ச்சைக் குறுக்கே அடிச்சுப் பாருங்க சார், ஒண்ணும் ஆகாது. லைட்டு லைட்டைத் தாண்டிப் போயிடும். எனர்ஜி ரொம்ப ஏறினா மட்டும்தான் ஒண்ணை ஒண்ணு தட்டும். அதுவும் எப்பவாவது."

அந்த 'எப்பவாவது' எவ்வளவு என்பதுதான் அவருடைய தொழில். ஈயத்தின் அணுக்கருக்களைப் பெரிய வளையங்களுக்குள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் எதிரெதிராக ஓட விடுகிறார்கள். வேகமாக ஓடும் ஒவ்வொரு கருவையும் சுற்றி ஃபோட்டான் என்னும் ஒளித்துகள்களின் மேகம் ஒன்று கூடவே வருகிறது. கருக்கள் மோதாமல் விலகிப் போனாலும் மேகங்கள் உரசிக்கொள்ளும். அப்போது அரிதாக, இரண்டு ஒளித்துகள்கள் மோதி இரண்டு ஒளித்துகள்கள் வெளியே வரும். எத்தனை முறை வரும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிறவர் இந்திராணி. ஆய்வுக்கூடம் அதன்பிறகுதான் அளக்கும்.

யாரும் இன்னும் அளக்காத ஓர் உயர் ஆற்றலுக்கு அவர் ஓர் எண் கணித்திருந்தார். அதே எண்ணை ஒரு ஜெர்மானியப் பேராசிரியரின் குழு முன்பே கணித்திருந்தது. இந்திராணியின் எண் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. மறுநாள் காலை 11.30-க்கு, அவருடைய பல்கலைக்கழகத்தில் நடந்துகொண்டிருந்த ஆய்வரங்கில், பழைய எண் ஏன் இரு மடங்கு பெரிது என்று அவர் பேசப் போகிறார். பேராசிரியரும் வந்திருக்கிறார்.

"அவங்க மேகத்தோட ஓரத்தை ரொம்ப அடர்த்தியா வச்சிட்டாங்க. அதான் வித்தியாசம்" என்றார். சந்தேகத்தின் சாயல் குரலில் இல்லை. அவருடைய ஒப்பந்தம் வரும் மார்ச்சில் முடிகிறது. அடுத்து அவர் விண்ணப்பித்திருக்கும் ஒரே வேலை அந்தப் பேராசிரியரின் குழுவில் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

வெளியே வரும் இரண்டு ஒளித்துகள்களில் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"முடியவே முடியாது சார். ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு. இது இடது பக்கம் அது வலது பக்கம்னு ஒரு தடவை எண்ணுவோம், மாத்திப் போட்டு இன்னொரு தடவை எண்ணிடுவோம். நடந்தது ஒண்ணுதான். அதனால ரெண்டால வகுக்கணும். என் ஃபார்முலால அந்த அரை முதல் வரியிலயே நிக்குது. ஸ்டூடண்ட்ஸ் மறக்கிற இடம் அது. நான் மறக்கிறதில்ல."

பகல் 12.40. தஞ்சோங் பகார். ஒரு காலத்தில் கப்பல் துறைக் கூலிகளாகத் தமிழர்கள் மூட்டை சுமந்த இடம். இப்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து சாப்பிட இறங்கி வருகிறார்கள். அப்படி இறங்கி வந்தவர்தான் ஃபரீத். இந்திராணியோடு ஆய்வுப் பட்டம் படித்தவர். இன்று ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. மதிய இடைவேளைகளிலும் வார இறுதிகளிலும் இந்திராணியின் சூத்திரத்தை எண்ணாக மாற்றும் நிரலை எழுதுகிறார். கொள்ளுப்பாட்டனார் தொண்டியிலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்தவராம்.

"மேடம் ஃபார்முலா எழுதுவாங்க, நான் உழைப்பேன்" என்றார், மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் தட்டை என் பக்கம் நகர்த்தி. ஆறு வெள்ளி, என்னைக் கொடுக்க விடவில்லை. "அவங்க எழுதினதை நான் நோண்ட மாட்டேன். என் புரோகிராமை அவங்க நோண்ட மாட்டாங்க. அதான் எங்க ரூல். ஒருத்தர் தப்பு மத்தவருக்கு ஒட்டக் கூடாதில்ல."

ஒரே கேள்வியை இருவரிடம் தனித்தனியே கேட்பது செய்தியாளர் பழக்கம். எது எது என்று எப்படித் தெரியும் என்று இவரிடமும் கேட்டேன்.

"தெரியாதுண்ணே. அதுக்குத்தான் வெளியே வர்றது ரெண்டும் ஒரே மாதிரின்னா நான் முழு உருண்டையையும் சுத்த மாட்டேன். எல்லாத் திசையையும் கூட்டினா ரெண்டு தடவை எண்ணின மாதிரி ஆயிடும். அரை உருண்டையோட நிறுத்திடுவேன். புரோகிராமே பார்த்துக்கும். இந்திரா அதைப் பத்திக் கவலையே பட வேணாம்."

எழுதிக்கொண்டேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மாலை 4.30. புவன விஸ்தா நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் பத்து நிமிடம். இந்திராணியின் அறை மூன்றாம் மாடியில். ஒரு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, வெளியே மழை. பேட்டி கொடுத்தவர் சொன்னதை அவரிடமே வாசித்துக் காட்டிச் சரிபார்ப்பது என் வழக்கம். அறிவியல் செய்தி என்றால் கட்டாயம். அவருடைய வரிகளை வாசித்தேன், தலையசைத்தார். ஃபரீத் சொன்னதில் பிழை இருந்தால் திருத்தட்டும் என்று அதையும் வாசித்தேன்.

"அந்த லைனை இன்னொரு தடவை வாசிங்க சார்."

வாசித்தேன். எழுந்து பலகையில் ஓர் அரை எழுதினார். அதன் பக்கத்தில் இன்னோர் அரை எழுதினார். பிறகு கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"டேய் ஃபரீத், ஒரே மாதிரித் துகள்னா உன் புரோகிராம் அரை உருண்டைதான் எடுக்குதா?"

"ஆமா. எப்பவுமே அப்படித்தான். ஏன்?"

"என் ஃபார்முலால அரை இருக்குடா."



"நீ சொல்லவே இல்லையே" என்றார் ஃபரீத்.

"நீ கேக்கவே இல்லையே."

ஒரே இரட்டை எண்ணிக்கையைத் தவிர்க்க இரண்டு கவனமான மனிதர்கள் ஆளுக்கொரு முறை பாதியாக்கியிருந்தார்கள். சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்திருக்கிறார்கள். பாடநூலில் விடை உள்ள ஒரு கணக்கைப் போட்டு, அச்சாகப் பொருந்தியதைக் கண்டிருக்கிறார்கள். அதில் வெளியே வருவது எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளும். அவை இரண்டு வேறு துகள்கள். அங்கே இவருடைய அரைக்கும் வேலையில்லை, அவருடைய அரைக்கும் வேலையில்லை. விடை பாதியாக வந்தபோது மேகத்தின் ஓரம் என்ற காரணம் கையில் தயாராக இருந்ததால் வேறு காரணம் தேடவில்லை என்றார் இந்திராணி.

"நாளைக்கு எம்சின்னு சொல்லிடு லா" என்றது கைப்பேசி. மருத்துவர் சீட்டோடு எடுக்கும் விடுப்புக்கு இந்த ஊரில் எம்சி என்று பெயர்; 'லா' பேச்சில் ஒட்டிவரும் அசை. "காய்ச்சல்னு ஒரு மெசேஜ் போடு. யாரு செக் பண்ணப் போறா?"

"எம்சி எடுத்தா நம்பர் சரியாயிடுமா? அவரு நம்பர் தப்புன்னு தலைப்புலயே போட்டிருக்கேன் ஃபரீத். ஊர் முழுக்க அச்சடிச்சுக் குடுத்தாச்சு."

"சரி, அப்ப ரெண்டால பெருக்கிட்டுப் போ."

"சும்மா பெருக்க மாட்டேன். முழுசா மறுபடி ஓட்டணும்."

"யாரோட அரையை எடுக்கிறது?"

"உன்னோடதை. நான் சீனியர்."

"மூணு மாசம்தான் லா சீனியர்."

இரண்டு விதமாகவும் ஓட்டுவது என்று முடிவாயிற்று. முதலில் ஃபரீதின் அரையை நீக்கி ஒரு முறை. பிறகு இந்திராணியின் அரையை நீக்கி இன்னொரு முறை. இரண்டும் ஒரே எண்ணைத் தந்தால்தான் மேடைக்கு. ஓட்டம் ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம்.

இரவு 7.25-க்கு முதல் எண் வந்தது. ஜெர்மானியக் குழுவின் எண்ணை நூறு என்று வைத்தால் இது தொண்ணூற்று ஏழு. இந்திராணி மூன்று முறை பார்த்தார். "இந்த மூணு என்னோடது" என்றார். மேகத்தின் ஓரம் உண்மைதான். அதன் பங்கு அவர் நினைத்ததைவிட மிகச் சிறியது, அவ்வளவே. இரண்டாவது ஓட்டத்தைக் காலைக்கு வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

புதன்கிழமை, காலை 10.10. தாவரவியல் பூங்கா நிலையத்தில் ரயில் மாறும்போது அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "அதே 97."

11.30. அரங்கில் அறுபது பேர் இருக்கலாம். பேராசிரியர் முன்வரிசையில், வெள்ளைத் தலை, மடியில் தாள் கட்டு. திரையில் முதலில் தெரிந்தது அச்சிட்ட பழைய தலைப்பு. அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. நேற்று மாலை வரை தான் சொல்லிவந்தது தவறு, இரண்டு அரைகள் சேர்ந்துவிட்டன, பேராசிரியர் குழுவின் எண்ணை இரு மடங்கு என்றதைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களில் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எங்கள் பத்திரிகையில் தவறு நேர்ந்தால் திருத்தம் ஏழாம் பக்கத்தின் அடியில், விளம்பரத்துக்கு மேலே வரும்.

பிறகு மேகத்தின் ஓரத்துக்கு வந்தார். முந்தின நாள் காலையில் பரோட்டா சாப்பிடும்போது இருந்த அதே குரல். இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள், பதினான்கில் முடித்துவிட்டார்.

கேள்வி நேரத்தில் பேராசிரியர் கையை உயர்த்தினார். அரைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த மூன்று எங்கிருந்து வருகிறது, நாங்கள் எந்த இடத்தில் வெட்டினோம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். இந்திராணி பதில் சொன்னார். பேராசிரியருக்குப் போதவில்லை. எழுந்து பலகைக்கே வந்து, இந்திராணியின் கையிலிருந்த பேனாவை வாங்கி ஒரு வட்டம் வரைந்தார். அது அங்கே இல்லை என்று சொல்லி, அதற்கு வெளியே இன்னொரு வட்டம் வரைந்தார் இந்திராணி.

மதிய உணவு 12.30-க்குத் தொடங்கியது. இருவரும் பலகையை விட்டு வந்தபோது மணி 1.50. பிரியாணி தீர்ந்திருந்தது.