வேர் பிடிக்கும் வரை ஒரு கட்டு

திருமுக்கூடலில் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்புறத்தை அளந்துகொண்டிருந்தோம். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த டெம்போ ஓட்டுநர் குமார் அண்ணனுக்கு போன் வந்தது. கேட்டவர், நாடாவை விடாமலே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எஸ்தர் அக்கா பூட்டாங்கமா" என்றார். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லையாம்.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள மண்டபங்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் தோட்டம் அமைத்துக் கொடுத்தவராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். அவரிடம் வரைபடம் வரையும் வேலைக்குச் சேர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள். கணினி வரும், பேச்சு வராது. முதல் நாள் அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். "பேசாத பொண்ணா? நல்லதாப் போச்சு. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிறேன்" என்று சிரித்தார்.

அவருக்கு ஆர்க்கிட் பைத்தியம் இருந்தது பலருக்குத் தெரியாது. இளம் வயதில் மலையூர் ஒன்றுக்குக் கூலி வேலைக்குப் போனபோது, ஒரு பங்களா வாசலில் மண்ணே இல்லாமல் கூடையில் தொங்கிக்கொண்டு பூத்த செடியைப் பார்த்திருக்கிறார். "நமக்கும் நெலம் இல்ல, அதுக்கும் நெலம் இல்ல. ஆனா அது இன்னா தெனாவெட்டா பூத்துக்கினு இருந்துச்சு தெரியுமா!" என்பார். அங்கிருந்து கொண்டுவந்தவை எல்லாம் நம் ஊர் வெயிலில் கருகின. விலை கொடுத்து வாங்கியவையும் கருகின. அவர் விடவில்லை.

பெருநகர் கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குத் தோட்டம் போடப் போனபோதுதான் அது நடந்தது. வீட்டுக்காரர் ஆள்விட்டு மாமரத்தில் இருந்த செடிகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். தடித்த வேர், வார்போல நீண்ட இலை. அக்கா ஓடிப் போய் ஒன்றைக் கையில் எடுத்தார். நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த ஆர்க்கிட்.

"புல்லுருவிமா அது. மரத்த உறிஞ்சிடும்" என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல நைனா. மரத்துகிட்ட ஒரு வாய் சோறு கேக்காது. குந்த எடம் குடுத்தா போதும்."

அவர் நம்பவில்லை. பிய்த்ததை எல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டு திரும்பினோம். எங்கள் ஏரிக்கரை இலுப்பை மரத்தில் ஏணி வைத்து, தன் பழைய மஞ்சள் நூல்புடவையைக் கிழித்து ஒவ்வொன்றாகக் கட்டினார். நைலான் கயிறு தந்தேன், வேண்டாம் என்றார். "கட்டு இத்துப் போவணும். அதுக்குள்ள வேர் புடிச்சிக்கும். புடிச்சப்புறம் கட்டு எதுக்கு?"

சில நாள் கழித்துப் போனால் மரத்தடியில் குங்குமமும் எலுமிச்சம்பழமும் இருந்தன. மஞ்சள் துணியைப் பார்த்த பெண்கள், யாரோ வேண்டிக்கொண்டு கட்டியது என்று நினைத்து, தாங்களும் துணி கட்டியிருந்தார்கள்.

குமார் அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாக்கா, சர்ச்சுல கேட்டா இன்னா சொல்லுவ?"

"நான் செடியதான்டா கட்னேன். சாமி அதுவா வந்து குந்திக்கிச்சு!"

ஆனால் புதிதாகக் கட்டியவை பளபளக்கும் நைலான் துணிகள். செடியின் வேர்மேலேயே இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த வேர் காற்றில் வாழ்வது, மூடினால் அழுகிவிடும். உண்மையைச் சொல்லிவிடலாமே என்று மெல்லக் கேட்டேன். "சொன்னா நாளைக்கே எவனாவது புல்லுருவின்னு பிச்சிடுவான். இப்போ ஒருத்தன் கை வெப்பானா?" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். வேரை மூடியிருந்த ஒவ்வொரு துணியையும் அவிழ்த்துப் பக்கத்துக் கிளையில் கட்டினார். ஒன்றைக்கூடக் கீழே போடவில்லை. "யாரு இன்னா கேட்டு கட்னாங்களோ. தூக்கிப் போட நாம யாரு?" அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டெம்போவில் ஏணி இருக்கும்.

அடக்கம் முடிந்த மறுவாரம் நானும் குமார் அண்ணனும் ஏரிக்கரைக்குப் போனோம். மரத்தில் புதுத் துணிகள் ஏறியிருந்தன. ஒரு செடியின் இலைகள் மஞ்சளாகியிருந்தன. அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி முதல் முடிச்சில் கை வைத்தேன்.

"ஏய், இன்னா பண்ற? அது என் தங்கச்சி கொயந்தைக்காக நான் கட்னது!"

கீழே இடுப்பில் குடத்துடன் ஒரு பெண். பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். எனக்காகப் பேச அக்கா அங்கே இல்லை.

"அவுத்துப் போடலக்கா. பக்கத்துக் கெளைக்கு மாத்துறேன். இங்க ஒரு செடி கீது, மூச்சு முட்டுது" என்றேன்.

"அந்தப் புல்லுருவியா?"

"புல்லுருவி இல்லக்கா. பூக்குற செடி. மரத்துகிட்ட எதுவும் கேக்காது. குந்த எடம் மட்டுந்தான்."

அவர் குடத்தை இறக்கி வைத்தார். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "ரொம்ப இறுக்கிட்டனா?" என்று கேட்டுக் கையை நீட்டினார். "குடு. என் வேண்டுதல நானே மாத்திக்கிறேன்."

அவர் தாழ்ந்த கிளையில் கட்டிக்கொண்டிருந்தபோது, மேலே அக்காவின் பழைய கட்டு ஒன்றைத் தொட்டேன். மஞ்சள் துணி இற்றுப்போய் என் கையோடு வந்துவிட்டது. செடி அசையவில்லை.

அந்தத் துணி என்னிடம் இருக்கிறது. ஏணியும்.