அடிக்கல்லில் கட்டிய ஆடு

மேடையில் என்னைச் சுயாதீனக் கலைஞன் என்று அறிமுகப்படுத்துவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூட்டிப்போக வேன் வராது என்பதுதான் அதன் அர்த்தம். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனும், அந்த ஸ்பீக்கருக்கும் டிக்கெட் எடு என்கிற கண்டக்டருடன் பேராதனை வரைக்கும் சண்டை பிடிப்பவனும் இந்தச் சுயாதீனக் கலைஞன்தான்.

நாங்கள் இரண்டு பேர். நான் ராப் எழுதிப் பாடுகிறேன். இசை போடுகிறவன் கண்டிக்குப் பக்கத்து மடவளைக்காரன்; 'சொல்ல' என்பதைச் 'செல்ல' என்பான். வாரநாட்களில் அவன் தன் வாப்பாவின் செருப்புக் கடையில் நிற்பான், நான் கண்டியில் ஒரு போன் திருத்தும் கடையில் இருப்பேன். மகன் பாட்டுக்கு இசை போடுவது வாப்பாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறான் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். "இவ்வளவு நாள் படிச்சதுக்கு நான் இப்ப ரொக்கெட் விட்டிருக்கணும் மச்சான்" என்பான் அவன்.

போகிற இடமெல்லாம் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்.

"என்ன படம் தம்பி?"

"படம் இல்ல. என்னோட பாட்டு."

"அது சரி, எந்தப் படத்துல?"

மனிதன் படத்துக்கு வெளியே ஒரு பாட்டை எழுதலாம் என்பது இவர்கள் மண்டையில் ஏறுவதே இல்லை. அக்குறணையில் ஒரு கடைத் திறப்புக்குக் கூப்பிட்டார்கள். சீலைக்கும் சேர்ட்டுக்கும் என்ன விலைக்கழிவு என்பதைத் தாளத்தோடு சொல்ல முடியுமா என்று முதலாளி கேட்டார். முடியாது என்றேன். அப்படியென்றால் பாடத் தெரியாதா என்று கேட்டார். பேராதனையில் பல்கலைக்கழக மாணவர்கள் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு என்னுடைய கோபம் வேண்டுமாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என் கோபத்தைக் கேட்டார்கள். முடிந்த பிறகு அதைப் பற்றி அவர்களே நெடுநேரம் பேசினார்கள், என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை. கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு யானைப் பொம்மை தந்தார்கள். அதையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இந்த இடங்களில் எல்லாம் அதிகம் கைதட்டு வாங்கியது ஒரே பாட்டு. அது நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற ஒரு கல்லைப் பற்றியது.

தோட்டம் கலஹாவுக்கு மேலே இருக்கிறது. பெயர் வேண்டாம். கோயில் மைதானத்தின் ஓரத்தில், வீட்டுத்திட்டம் வரப்போகிறது என்று ஓர் அரசியல்வாதி வந்து அடிக்கல் நட்டுவிட்டுப் போனார். படம் எடுத்தார்கள், மாலை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். கல்லில் அவருடைய பெயர் பெரிதாக இருக்கிறது. வீடு வரவில்லை. கல்லைச் சுற்றிப் புல் வந்தது. புல் வந்ததால் என் அம்மா தன் ஆட்டைக் கொண்டுபோய் அந்தக் கல்லில் கட்டினாள். தோட்டத்தில் இழுத்தாலும் ஆடாத பொருள் அது ஒன்றுதான் என்பது அவளுடைய கணக்கு. அம்மா இன்னும் அங்கேதான், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், மழைக்கு ஒழுகுகிற ஓர் அறையில் இருக்கிறாள்.

பாட்டில் மூன்று பகுதி. முதல் பகுதி லயத்து அறை, இரண்டாவது கொழுந்து பறிப்பது. மூன்றாவதில்தான் கல் வரும்.

"கல்லு வச்சீங்க ஐயா, கல்லு வச்சீங்க,
கல்லு மேல ஒங்க பேர வெட்டி வச்சீங்க.
வீடு எங்கன்னு கேட்டா கைய விரிச்சீங்க,
எங்க ஆட்டக் கட்ட நல்ல கல்லா வச்சீங்க."

கண்டியில் இதற்குக் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டில் வெறுப்புத்தான் வந்தது. அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்தவன் ஒருவன் கூட அங்கே இல்லை. ஒரு கல்லைப் பற்றிய பாட்டை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பாட முடியாவிட்டால் அது என்ன பாட்டு. அதனால்தான் எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் போன் எடுத்து, தேருக்கு அடுத்த நாள் பகலில் கலைநிகழ்ச்சி இருக்கிறது, வந்து பாடு என்றபோது உடனே சரி என்றேன். முழுப் பாட்டையும் அங்கே பாட வேண்டும். வேறு ஒரு காரணமும் இல்லை.

ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிப் போனோம். தலைவர் மைதானத்திலேயே மறித்தார். புதுச் சேர்ட், நெற்றி நிறைய விபூதி.

"தம்பி, ஒன் பாட்டெல்லாம் போன்ல கேட்டேன். நல்லா இருக்கு. அந்த மூணாவது மட்டும் வேணாம்."

"ஏன்?"

"பிரதம விருந்தினரா வர்றதே அவருதான்."

கல்லை நட்டவரையே மாலை போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களை என்ன சொல்வது. ஏமாற்றியவனையே திரும்பக் கூப்பிட்டு, அவன் உட்காரக் கதிரையைத் துடைத்துப் போடுவார்கள்.

"ஒங்கம்மா இங்கதான் இருக்காங்க" என்றார் தலைவர், என் தோளில் கை போட்டுக்கொண்டு. "நாளைக்கு வீடு வந்தா யாருக்கு மொதல்லன்னு நாங்கதான் சொல்லணும். அதையும் நெனச்சுக்க."

லயத்துக்குப் போனேன். அம்மா ரொட்டியும் சம்பலும் வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப பாடாத" என்றாள். "நீ பாடிட்டு கண்டிக்கு பஸ் ஏறிருவ. நான்தானே இந்த மூஞ்சிங்கள தெனமும் பாக்கணும்."

வெளியே வந்து இரண்டு பகுதியோடு நிறுத்துவோம் என்று நண்பனிடம் சொன்னேன்.

"அப்ப என்னத்துக்கு மச்சான் இந்த ஸ்பீக்கர தூக்கிட்டு மலை ஏறினது?" என்றான். "செல்லியிருந்தா நான் வகுப்புக்கே போயிருப்பேனே."

எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தினர் வந்து இறங்கும்போது மேடை வெறுமையாக இருக்கக்கூடாது. யாராவது ஆடிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருக்க வேண்டும். அவர் நடந்து வருவார், பாட்டு பாதியில் நிற்கும், பொன்னாடை போர்த்துவார்கள். வெறும் மேடையைப் பார்த்து ஒரு விருந்தினர் வந்தார் என்றால் அந்தத் தோட்டத்துக்கே அவமானம், அடுத்த தோட்டத்தில் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரிப்பார்கள். வீடு இல்லாமல் இருக்கலாம். மேடை வெறுமையாக இருக்கக்கூடாது.

விருந்தினர் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடினார்கள். வாகனம் பேராதனையைத் தாண்டிவிட்டது என்று போன் வந்தது. பிள்ளைகள் அதே ஆட்டத்தை மறுபடியும் ஆடினார்கள். வாகனம் கலஹா கடைவீதியில் நிற்கிறது என்றார்கள். எங்களை மேடையில் ஏற்றினார்கள். அறிவிப்பாளர் என் காதில் குனிந்தார்.

"என்ன படம்?"

"படம் இல்ல."

அவர் நிமிர்ந்து ஒலிவாங்கியில், "விரைவில் வெளிவர இருக்கும் திரைப்படத்திலிருந்து" என்றார்.

எங்களிடம் இருந்த எல்லாப் பாட்டையும் பாடினோம். அந்தப் பாட்டையும் இரண்டு பகுதியோடு நிறுத்தினேன். வாகனம் தேயிலை பெக்டரி வளைவில் வருகிறது என்றார்கள். மறுபடி பாடினோம். அந்த வளைவிலிருந்து கோயிலுக்கு நடந்தே வந்துவிடலாம், இவருடைய வாகனம் மட்டும் வரவே இல்லை. பிள்ளைகள் வேஷம் கலைத்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாட்டை முடித்துவிட்டு ஒலிவாங்கியைக் கீழே வைத்தேன்.

தலைவர் கையில் பொன்னாடையோடு மேடைக்கு ஓடி வந்தார். விபூதி வியர்வையில் வழிந்திருந்தது.

"ஏன் நிறுத்தின? பாடு."

"முடிஞ்சிருச்சு."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"மூணாவது பகுதி இருக்கு. நீங்கதான் வேணாம்னீங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். பாட்டு நின்றுபோன மேடையைப் பார்த்தார். கீழே சனம் எழுந்து சேலையைத் தட்டத் தொடங்கிவிட்டது.

"எதையாச்சும் பாடித் தொல" என்றார். "அவரு காரு தெரிஞ்சா நிறுத்திடு."

நான் அம்மாவைப் பார்த்தேன். முன் வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கும். வேண்டாம் என்று தலையை ஆட்டுவாள் என்று பார்த்தேன். அவள் மைதான ஓரத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஆடு கல்லில் கட்டியபடி, தேரிலிருந்து விழுந்த மாலையைத் தின்றுகொண்டு நின்றது. பிறகு என்னைப் பார்த்து, சீக்கிரம் என்பதுபோலக் கையை ஆட்டினாள்.

பாடினேன். முதல் மூன்று வரிக்கு ஒரு சத்தமும் இல்லை. ஆடு என்ற சொல் வந்ததும் சனம் மொத்தமாகத் திரும்பி ஆட்டைப் பார்த்தது. பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள். அதன் பிறகு நிற்கவில்லை. நண்பன் தாளத்தைத் திரும்பத் திரும்பப் போட்டான். நான் வரியைப் பாதி சொன்னால் மீதியைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் சொன்னார்கள். யாரும் என்ன படம் என்று கேட்கவில்லை.

அப்போதுதான் கடைசிப் போன் வந்தது. விருந்தினர் வேறொரு விழாவுக்குப் போய்விட்டாராம். நாளைக் காலை கட்டாயம் வருவாராம். தலைவர் பொன்னாடையோடு நின்றார். சாமிக்கு முன்னால் விரித்த பொன்னாடையைத் திரும்ப மடித்துக் கொண்டுபோனால் அதுவும் குற்றம். யாருக்காவது போர்த்தியே ஆக வேண்டும். எனக்குப் போர்த்த அவருக்கு மனம் வரவில்லை. மடவளைக்காரனுக்குப் போர்த்தினார்.

"இத வாப்பாக்கு என்னண்டு செல்ல?" என்றான் அவன், இறங்கும்போது. "கம்ப்யூட்டர் வகுப்புல தந்ததுண்டா?"

இரவு லயத்திலேயே தங்கினோம். விடிந்ததும் மைதானத்துப் பக்கம் சத்தம் கேட்டுப் போனேன். ஆட்டை அவிழ்த்துத் துரத்திவிட்டு, புல்லை வெட்டி, கல்லுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் நின்று வேலை வாங்கினார்.

"பார்த்தியா தம்பி" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. "ஒன் பாட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் பலன் கெடச்சிருக்கு."

என் பாட்டுக்குக் கிடைத்தது ஒரு வாளி சுண்ணாம்பு.

காலை போய் மதியமும் ஆனது. வாகனம் வரவில்லை. வேலைக்காரர்கள் வாளியைக் கழுவினார்கள். அம்மா மலையிலிருந்து வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் கல்லில் கட்டினாள். ஆடு கல்லில் உரசிப் பாதி வெள்ளையானது.

"அக்கா, சுண்ணாம்பு காயல" என்றார் தலைவர்.

"கல்லு ஒங்களோடது. ஆடு என்னோடது."

"இப்படியே செஞ்சுக்கிட்டு இருங்க. வீடு வந்தா ஒங்களுக்குத்தான் கடைசி."

அம்மா கயிற்றின் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"வந்தா" என்றாள்.